வள்ளக்கூரை

"யாழ்ப்பாணத்திலை மலை எங்கை பிள்ளை இருக்கு?"

கம்பஸில் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புச் சொல்லப் போன அன்று விரிவுரையாளர் ஒருவர் என்னைக் கேட்டது இது. மேசைக்குப் பின்னால் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். குன்றின்மேல் நிற்கும் மறுமலர்ச்சிக் காலச் சிற்றாலயம் ஒன்றின் வரலாறும் கட்டடக்கலையும் என்று நான் தலைப்பு வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தான் மலையைப் பார்க்க வேண்டுமென்றால் கண்டி பஸ்ஸில் ஏற வேண்டும் என்றார் அவர். மலைதான் பொய், கோயிலாவது மெய்யோ என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. வந்து பாருங்கோ சேர் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு மண்டைக்கனம் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். இருக்கிறதுதான். அப்பா பரவைக்கடலில் இறால் பிடிக்கிறவர். அம்மா குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். தன் பெயரை எழுதும்போது அப்பாவுக்கு இன்றைக்கும் வியர்க்கும். அந்த வீட்டிலிருந்து கம்பஸுக்குப் போனவளுக்குக் கொஞ்சம் கனம் இல்லாவிட்டால் முதல் வருடத்திலேயே காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

மலை இருந்தது. அரியாலைக்கு அங்கால், வயல் முடிந்து உவர்நிலம் தொடங்குகிற இடத்தில், கடல்நீரேரியை ஒட்டி ஒரு மண்மேடு. பெரிதாய் வளர்ந்த வடலிப்பனை ஒன்றின் உயரம் வரும். கண்டியில் பிறந்தவன் அதைப் பார்த்தால் வீடு கட்டக் கொட்டிய மண் என்று நினைப்பான். ஆனால் எங்கள் ஊர் தட்டையான ஊர். மாரியில் ஏரித் தண்ணீர் ஏறி வந்து வீட்டு வாசல்களைத் தொடும்போது அந்த மேடு மட்டும் நனையாமல் நிற்கும். அதனால் அது மலை. அதன்மேல் நின்றது மலைக்கோயில். எங்கள் குடும்பம் குருநகருக்கு இடம்பெயரும் முன் அந்த மேட்டின் அடியில்தான் இருந்தது.

அதைக் கட்டியது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது. கல்லில் எழுத்து எதுவும் இல்லை. ஆனால் கட்டிடமே ஒரு அளவுக்குச் சொல்லும். சுவர் முருகைக்கல், கடலிலிருந்து வெட்டிய கல். பூச்சு சிப்பிச் சுண்ணாம்பு. வாசலுக்கு மேலே சுத்தமான அரைவட்ட வளைவு. இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், அவற்றின் மேலே முக்கோண முகப்பு. உள்ளே அகலம் எவ்வளவோ சுவரின் உயரமும் அவ்வளவு. பீடம் இருக்கும் பகுதி சரி சதுரம். கவராயத்தையும் அடிமட்டத்தையும் தவிர வேறொன்றையும் நம்பாத ஒருவர் போட்ட படம் அது. இத்தாலியில் பழைய உரோமரின் கட்டிடங்களை அளந்து அளந்து உருவான அந்த முறை, போர்த்துக்கலுக்குப் பிந்தி வந்து, அங்கிருந்து கப்பலேறி, இங்கே வந்து சேரும்போது உரோமாபுரியில் அதற்கு வயதாகிவிட்டிருந்தது. இங்கே அது புதிது. போர்த்துக்கேயப் பறங்கியர் நாற்பது வருடமளவில்தான் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அந்த இடைவெளிக்குள் யாரோ ஒரு பாதிரியாரும், பெயர் தெரியாத எங்கள் ஊர் மேசன்மாரும் சேர்ந்து இதை எழுப்பியிருக்க வேண்டும்.

பீடத்துக்குப் பின்சுவரில் ஒரு மாடம். அதன் தலை சிப்பி வடிவில் விரிந்திருக்கும். இத்தாலியில் இதே சிப்பியை எத்தனையோ கோயில்களில் வைத்திருக்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். மேட்டடியில் கருவாடு காயவைக்கும் பெண்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. உது எங்கடை மட்டி, பிடிச்சவன் ஆரோ பாத்துச் செய்திருக்கிறான் என்றார்கள். மேசன் பார்த்தது பாதிரியாரின் படத்தையோ காலடியில் கிடந்த மட்டியையோ, நானும் சொல்ல முடியாது.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். சொரூபங்களை அகற்றித் தங்கள் செபத்துக்கு எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒளித்துச் செபம் சொன்னார்கள். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் கோயில் திரும்பி வந்தது. அதற்குள் நடுமண்டபத்தின் கூரை எத்தனை தரம் விழுந்து எத்தனை தரம் எழும்பியதோ. நான் அளக்கப் போனபோது அங்கே கூரையே இல்லை. பனஞ்சிலாகையில் ஓடு போட்ட கூரை இருந்ததாம். பீடப் பகுதிக்கு மட்டும் கட்டின நாள் தொட்டு ஒரே கூரைதான். கல்லாலும் சுண்ணாம்பாலும் வளைத்த கூரை, ஒரு முழத்துக்கு மேலே தடிப்பு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட வள்ளம்போல இருக்கும். ஊரார் அதை வள்ளக்கூரை என்றார்கள். அந்தச் சொல்லை நான் ஆய்விலும் அப்படியே போட்டேன்.

அளக்கப் போன முதல் நாள் நாடாவைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தேன். கீழே கருவாடு திருப்பிக்கொண்டிருந்த ஒரு மாமி கேட்டார், "என்ன பிள்ளை, கோயிலுக்குச் சட்டை தைக்கப் போறியோ?"

"ஓம் மாமி, கழுத்து மட்டும் பெரிசாக் கிடக்கு."

"அப்ப கையை நீட்டமா வைச்சுத் தை. அதுக்கு உடம்பெல்லாம் காயம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் காயம் உண்மை. நடுமண்டபச் சுவர்கள் முழுக்க ஷெல் துண்டு பட்ட குழிகள். அவை எப்படி வந்தன என்று எனக்கு முன்பே தெரியும். எங்கள் வீட்டில் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. கதைக்காத ஒன்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதுமில்லை.

நான் பிறக்கும் முன், சண்டை நடந்த ஒரு வருடம், ஊர்ச் சனம் ஷெல்லுக்குப் பயந்து மலைக்கோயிலுக்கு ஓடியது. பதுங்குகுழிகள் மாரித் தண்ணீரில் நிரம்பியிருந்தன. கோயிலின் சுவர் ஊரில் உள்ள எந்தச் சுவரையும்விடத் தடிப்பு. எல்லாரும் நடுமண்டபத்தில் நெருக்கியடித்து இருந்தார்கள். ஓட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு ஒரு ஷெல் உள்ளே விழுந்தது. செத்தவர்களில் என் அண்ணையும் ஒருவர். பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கும் வயது. அவர் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் முதலில் படித்தது அவராக இருந்திருக்கும். அம்மாவுக்குத் தோளில் துண்டு பட்டது. உடல்களைச் சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் மேட்டின் சரிவிலேயே குழி வெட்டித் தாட்டார்கள். பிறகு ஊரே வெளிக்கிட்டுப் போனது. திரும்பி வந்தபோது எந்த இடம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லத் திரும்பிக் குடியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மேட்டில் கால் வைக்கவில்லை.

நான் ஆய்வில் பாதி வழி வந்தபோது பங்கில் புதுக் கோயில் பேச்சு எழும்பியது. வெளிநாட்டில் இருக்கும் ஊரார் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பெரிய கோயில், மாபிள் தரை, இரண்டு கோபுரம். பழையதை இடித்து, மேட்டை வெட்டி, அந்த மண்ணாலேயே தாழ்ந்த காணியை நிரப்புவது என்று திட்டம். அப்போதுதான் மாரியில் தண்ணீர் வராது. அதில் நியாயம் இருந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை.

நான் பங்குத் தந்தையிடம் போய்க் கதைத்தேன். புதிதாக மாறி வந்த இளைஞர், பொறுமையாகக் கேட்பவர். புதுக் கோயிலைப் பக்கத்துக் காணியில் கட்டலாம், பழையதை விடலாம், இப்படி ஒன்று இந்தக் கரையில் இனி எவராலும் கட்ட முடியாது என்றேன். கொழும்பில் ஓர் அதிகாரிக்குச் சொன்னால் பழமைச் சின்னம் என்று பலகை நட்டுவிடுவார்கள், இடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யவில்லை. பலகை வந்தால் அதைச் சாட்டி அரசாங்கம் காணியையும் எடுத்துவிடும் என்று எங்கள் சனம் பயப்படும். அந்தப் பயத்தை அவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, நானும் அதோடு வளர்ந்தவள்.

பங்குக் கூட்டத்தில் என்னைப் பேச விட்டார்கள். வளைவு, அரைத்தூண், சிப்பி மாடம் எல்லாம் சொன்னேன். படங்களைக் காட்டினேன். நல்லாய்த்தான் பேசினேன். முடித்ததும் சம்மாட்டி ஒருவர் எழும்பினார். அப்பா வேலை செய்யும் வள்ளங்களின் சொந்தக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அவருடைய மனைவி அந்த ஷெல்லில் போனவர்.

"பிள்ளை, நீ படிச்சனி. நாங்கள் பறிகுடுத்தனாங்கள்," என்றார். "உனக்கு உது கோயில். எங்களுக்கு உது ஆக்களைத் தாட்ட கிடங்கு."

பங்குத் தந்தை அப்போது ஒரு முடிவு சொன்னார். இதில் கோயில் கட்டும் குழுவுக்குப் பேச்சில்லை, அந்த நாளில் ஆட்களை இழந்த வீடுகள் சொல்லட்டும், அவர்கள் சொல்வதுதான். சிலர் அங்கேயே சொல்லிவிட்டார்கள். இடியுங்கோ என்றவர்களும் இருந்தார்கள். எங்கடை ஆக்கள் கடைசியாக இருந்த இடம், விடுங்கோ என்று அழுதவர்களும் இருந்தார்கள். பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றது. சொல்லாமல் மிஞ்சியது எங்கள் வீடு. அது தாயின்ரை பிள்ளை, தாய்தான் சொல்ல வேணும் என்று அப்பா ஒதுங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு அம்மா வந்து சொல்வது என்று கூட்டம் கலைந்தது.

அந்தக் கிழமை முழுக்க நான் அம்மாவோடு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கோயில் நிற்பதும் விழுவதும் அம்மாவின் ஒரு சொல்லில் இருந்தது. அதைச் சொல்லும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் அம்மா கிணற்றடியில் இருந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவராகவே தொடங்கினார்.

"நீ அளந்தனி எல்லோ. வள்ளக்கூரையிலை உடைவு ஏதும் கிடக்கோ?"

இல்லை என்றேன். ஓர் ஓட்டை கூட இல்லை, கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். மேலே பட்ட துண்டுகள் பூச்சை மட்டும் கீறியிருக்கின்றன, அந்தக் காலத்துச் சுண்ணாம்பு அப்படி என்றேன்.

அம்மா கையில் இருந்த நண்டைச் சட்டிக்குள் போட்டார். பிறகு அவர் சொன்னதுதான் நான் அதுவரை கேட்காத கதை.

பீடப் பகுதிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக் கிராதி இருந்தது. அதற்கு அங்கால் சாதாரண சனம் போகாது. சுவாமியார் போவார், பூசைக்கு உதவுபவர்கள் போவார்கள். பெண்கள் என்றால் கூட்டித் துடைக்க மட்டும், அதுவும் கேட்டுவிட்டு, செருப்பில்லாமல். அன்றைக்குச் சுவாமியார் பட்டினத்தில் இருந்தார். உள்ளே போங்கோ என்று சொல்ல ஆளில்லை. மண்டபத்தில் மூச்சு விட இடமில்லாமல் சனம். கிராதிக்கு அந்தப் பக்கம், கல்லுக் கூரைக்குக் கீழே, வெறும் நிலம். ஒருவரும் போகவில்லை. அம்மா அண்ணையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிராதியோடு ஒட்டி நின்றார். பிள்ளையையாவது தூக்கி அங்கால் விடுவோமோ என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற சம்மாட்டி மாமாவின் மனைவி, ஆண்டவர் இருக்கிற இடம், பிள்ளை மூத்திரம் கீத்திரம் பெய்ஞ்சால் பாவமெல்லோ என்றார். அம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"பாவமெண்டு நிண்டனாங்கள்," என்றார் அம்மா. நண்டுக் கையோடு தோளைத் தேய்த்தார். "இப்ப நீ சொல்லு. அங்காலை விட்டிருந்தால் அவன் இருந்திருப்பானோ?"

எனக்கு விடை தெரியும். என் படத்திலேயே இருந்தது. ஒவ்வொரு சுவரையும் வரைந்து, துண்டு பட்ட குழிகளைப் புள்ளிகளாகக் குறித்திருந்தேன். மண்டபச் சுவர்களில் இடைவெளியே இல்லை. பீடத்தின் வளைவு முகத்தில் நிறையப் புள்ளிகள். பின்சுவரின் நடுவில், மாடத்தைச் சுற்றிச் சில. ஆனால் வளைவின் தடித்த கால்களுக்குப் பின்னால் இரண்டு மூலைகள். அங்கே பழைய வெள்ளை அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. சின்னப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் ஒடுங்கி இருக்கக்கூடிய மூலைகள்.

இல்லையம்மா, உங்கையும் தப்பியிருக்க மாட்டினம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா மிச்ச வாழ்நாளுக்கு ஒரு மூச்சு விட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விடச் சொல்லியிருக்கவும் கூடும். எனக்கு இரண்டும் கிடைத்திருக்கும். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அம்மா முந்திவிட்டார்.

"எனக்காகச் சொல்லாதை மேனை. உன்னை நான் படிப்பிச்சனான்."

"ஓம் அம்மா," என்றேன். "மூலையிலை இருந்திருந்தால் இருந்திருப்பார்."

அம்மா தலையை ஆட்டினார். அடுத்த நண்டை எடுத்து உடைத்தார். அழவில்லை. எனக்கு இதுதான் எண்டு தெரியும், ஆரும் சொல்லித்தான் கேக்கேல்லை என்றார். சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிட்டிருந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

ஞாயிறு, மேட்டுக்குக் கீழே ஓலைக் கொட்டிலில் நடந்த பூசை முடிந்ததும் அம்மா எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்றார். சந்தையில் விலை சொல்லுகிற அதே குரல்தான்.

"உடைஞ்சு விழுந்திருந்தால் விட்டிருப்பன் சுவாமி. அது முழுசா நிக்குது. அதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு. இடியுங்கோ."

இருந்துவிட்டார். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முகப்பையும் வளைவையும் பற்றி நான் பேசிய எல்லாம் ஒரு பக்கம் கிடந்தன. நான் ஆறு மாதம் அண்ணாந்து பார்த்து மெச்சிய அதே கூரையைத்தான் அவர் இவ்வளவு வருடமும் கண்ணை மூடினால் பார்த்திருக்கிறார்.

இடிக்கும் நாளில் அம்மா வந்தார். சந்தைக்குப் போகவில்லை. மேட்டில் ஏறாமல் கீழே ஒரு பனையடியில் நின்றார். பெக்கோ இயந்திரம் மத்தியானத்துக்குள் நடுமண்டபத்தை முடித்துவிட்டது. முருகைக்கல் பால்மா மாதிரி நொறுங்கியது. முக்கோண முகப்பு ஒரே துண்டாகச் சாய்ந்தது. பிறகு வள்ளக்கூரைக்கு வந்தார்கள். அது விழவில்லை. இயந்திரத்தின் கை ஒவ்வொரு முறையும் போய் மோதித் திரும்பியது. ஓட்டுநர் இறங்கி வந்து, உதென்ன கல்லோ இரும்போ என்று கெட்ட வார்த்தையில் கேட்டுவிட்டு, சுவாமியார் நிற்பதைக் கண்டு நாக்கைக் கடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னேரம் வரை இடித்தார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அம்மாவுக்கு என்ன சொல்லியது என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டை போவம் என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். அது விழுந்த பிறகுதான் திரும்பினார்.

அடுத்த நாள் மேட்டை வெட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்திலேயே எலும்பு வந்தது. பங்குத் தந்தை இயந்திரத்தை நிறுத்தி, நீதவான் வரும்வரை காவல் போட்டார். கேள்விகள் எல்லாம் முடிந்து எலும்புகளைத் தந்தபோது எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒரே பெட்டியில் வைத்துச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம். இழந்த வீடுகள் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குப் பின்னால் நடந்தன. சம்மாட்டி மாமா பெட்டியின் முன்பக்கம் பிடித்தார். அம்மா அவருக்குப் பின்னால் நடந்தார். அவருடைய மனைவி அன்றைக்கு என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. அம்மா சொல்லவும் மாட்டார்.

மண் வெட்டுவது அதோடு நின்றது. புதுக் கோயிலுக்கு மண் வேறு இடத்திலிருந்து லொறியில் வருகிறது. மேடு அரைகுறையாக வெட்டுப்பட்டு நிற்கிறது. மாரிக்கு அது கரையும்.

என்னிடம் இருப்பது படங்கள் மட்டும். ஆய்வை முடிக்க அவை போதும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். கட்டிடம் இல்லாமல் போனதே ஆய்வுக்குப் பெறுமதி என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நான் தரைப்படத்தை விரித்து, இதில் இன்னும் ஒன்று இல்லை சேர் என்றேன். சுவர் இருக்கிறது, வளைவு இருக்கிறது, மாடம் இருக்கிறது. சனம் எங்கே நின்றது என்று இல்லை. ஏன் அங்கே நின்றது, ஏன் அங்கால் போகவில்லை என்று இல்லை. ஒரு கோயிலை ஆட்கள் எப்படிப் பாவித்தார்கள் என்பதும் அதன் கட்டடக்கலைதான் என்றேன். அது கட்டடக்கலை இல்லைப் பிள்ளை, அது வேறை பாடம் என்றார்.

அன்றைக்கு இரவே கிராதியை வரைந்தேன். முன்பு அதை வரையாமல் விட்டிருந்தேன், நான் போன காலத்தில் அது இல்லை, மரக்கால்கள் நட்ட துவாரங்கள் மட்டும் தரையில் இருந்தன. கிராதியின் நடுவில், இந்தப் பக்கமாக, பென்சிலால் ஒரு தாயையும் பிள்ளையையும் குறித்தேன். அம்மாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் என்றார். அழித்துவிட்டு இடப்பக்கம் குறித்தேன்.

அன்றைக்கு உள்ளே இருந்து தப்பியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். நேற்று முதல் வீட்டுக்குப் போனேன். கால் இழந்த ஒருவர், வலை பின்னிக்கொண்டிருந்தார். கதைக்க விருப்பமில்லை என்று அனுப்பிவிட்டார். படத்தில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. இன்று காலை படத்தைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டுச் சம்மாட்டி மாமா வீட்டுப் படலையைத் தட்டினேன்.